மூன்றாவது சரணம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆரணியில் இருபத்தெட்டு வருஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவன். நடந்ததை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. என் தப்பை மட்டும் நம்புங்கள்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்து வீட்டில் தேவராஜ் இருந்தார். பட்டு நெசவாளி, என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அவர் மனைவி வசந்தாவின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டரும், மேலே எதுவும் எழுதாத ஒரு கேசட்டும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் ஓர் இங்கிலீஷ் பாட்டு. தபலா, வயலின் எதுவும் கிடையாது, எல்லாம் கீபோர்டும் மின்சாரத் தாளமும்தான், டக் டக் என்று ஈரமில்லாத சத்தம், அதன்மேல் தூக்கம் கலையாதவன் மாதிரி ஒரு குரல். தேவராஜ் நெய்யும்போதெல்லாம் அதையே திருப்பித் திருப்பிப் போடுவார். அவர் கால் மிதிக்கட்டையை அழுத்துவதும் அந்தத் தாளமும் ஒன்றாகவே விழும்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இந்த ஆளு இன்னா சார் சொல்லிகினு கீறான்?"

கேட்டேன். முதல் சரணம் புரிந்தது: தினமும் அதே வழி, அதே வேலை, அதே ஜன்னல். இரண்டாவதும் புரிந்தது: வீடு இருக்கிறது, சோறு இருக்கிறது, குறை என்று ஒன்றுமில்லை, ஆனாலும் இது என் வாழ்க்கைதானா என்கிறான். சொன்னேன். தேவராஜ் சிரித்தார். "அப்ப அவனும் எங்கியோ தறியிலதான் குந்திகினு கீறான்."

மூன்றாவது சரணத்தில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். அந்தத் தெருவில் எம்.ஏ. படித்தவன் நான் ஒருவன்தான், வாய் வரவில்லை. கட்டிப்போட்டதை அறுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறான் என்று நானாகக் கட்டிச் சொன்னேன்.

அவர் இப்போது சிரிக்கவில்லை. "பாதியிலயா?" என்றார்.

சேலை நெய்து முடித்தாலும் நெசவாளி பாவு முழுவதையும் எடுத்துவிட மாட்டார். பாவு என்கிற அந்த நீளவாட்டு இழைகளின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவை இழை இழையாக அதனோடு பிணைப்பார். தேவராஜின் தறியில் அது அவர் அப்பா காலத்திலிருந்து அறுபடாமல் வந்தது. பாதிச் சேலையில் பாவை அறுப்பதைப் பற்றி அங்கே யாரும் பேசக்கூட மாட்டார்கள். தெரிந்துதான் சொன்னேன், கேட்க நன்றாக இருக்கிறதே என்று.

பத்து நாள் கழித்து, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தவனை வாசலில் நிறுத்தினார். முகத்தில் பல நாள் தூக்கம் பாக்கி. "நெஜமாவே அப்படித்தான் சொல்றானா சார்? நல்லா கேட்டீங்களா?" எத்தனை தடவை சொல்வது என்று எரிந்து விழுந்துவிட்டு சைக்கிளை மிதித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறேன், அவர் வீட்டுக்குள் பாட்டும் தறியும் சேர்ந்து ஓடுகின்றன. மூன்றாவது சரணம் வந்தது. அன்று அது ஒவ்வொரு வார்த்தையாக, காதருகே பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது. நான் எங்கும் போகவில்லை, யாராவது வந்து பக்கத்தில் உட்காருங்கள், இரு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னதற்கு நேர் எதிர். உடனே சொல்லிவிட வேண்டும் என்று கதவில் கை வைத்தேன். வெளியே பூட்டு தொங்கியது.

அம்மா வீட்டுக்குப் போயிருந்த வசந்தா அப்போதுதான் தேவிகாபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். "பஸ் ஸ்டாண்டுல சொன்னாங்க, அவரு காலையிலயே களம்பூர் பஸ் ஏறிட்டாராம் சார். உள்ள யாரும் இல்ல."

"சத்தம் கேக்கலயாம்மா?"

"இன்னா சத்தம்?"

பூட்டைத் திறந்தாள். எனக்கும் அப்போது எதுவும் கேட்கவில்லை. அரக்கு நிறச் சேலை பாதியில் நிற்க, பாவு ஒரே நேர்கோட்டில் அறுபட்டிருந்தது. டேப் ரெக்கார்டர் இருந்தது, உள்ளே கேசட் இல்லை. தறிக்குழிக்குள் மிதிக்கட்டை மட்டும் மெல்ல ஆடி, என் கண்ணெதிரே நின்றது.

தேவராஜ் திரும்பவில்லை. களம்பூர் அரிசி மில்களில், லாரி ஷெட்டுகளில் எல்லாம் தேடினோம். அறுந்த நுனிகளை வசந்தா இன்னும் தறியிலிருந்து எடுக்கவில்லை. வந்தால் பிணைத்துக்கொள்வாராம். ஒருமுறை என்னிடம், "அந்தப் பாட்டுல இன்னாதான் சார் இருந்துச்சி?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லையம்மா என்றேன். அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

போன வருஷம் என் பழைய மாணவன் ஒருவன், எனக்கு நினைவிருந்த வரிகளை வைத்து அந்தப் பாட்டைத் தன் போனில் தேடிப் பிடித்தான். எழுதியவர் துணி ஆலையில் வேலை பார்த்தவராம், தறிகளின் சத்தத்தை நினைத்தே அந்தத் தாளத்தை அமைத்தாராம். வாசித்துக் காட்டிவிட்டுப் பாட்டைப் போட்டான். முதல் சரணம் வந்தது, இரண்டாவது வந்தது. அதற்குப் பிறகு குரலே இல்லை. மூன்றாவது சரணம் என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது, வெறும் தாளம்தான், ஒருவர் பேசி முடிக்கிற நேரத்துக்கு.

"சார், கால் வலிக்குதா?" என்றான் அவன். குனிந்து பார்த்தேன். நாற்காலிக்கு அடியில் என் கால்கள் இடம், வலம் என்று மாறி மாறித் தரையை அழுத்திக்கொண்டிருந்தன. என் வாழ்நாளில் நான் தறியில் உட்கார்ந்ததே இல்லை.