கப்பலை நிறுத்திய பால்பவுடர் டப்பா

எட்டு வயதில் நான் ஒரு கப்பலை நிறுத்தியிருக்கிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

அம்மாவுக்குக் கார்டன் ரீச் துறைமுகத்துப் பக்கம் ஒரு பரிசோதனை லேபில் வேலை. கப்பலேறப்போகும் இரும்புத் தாதுப் பொடியை எடை போட்டு, ஓவனில் காயவைத்து, மறுபடி எடை போடுவாள். குறைந்த எடைதான் அதிலிருந்த ஈரம். ஈரம் அளவுக்கு மீறினால் ஏற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுவாள். ஒரு மழைக்காலத்தில் அவள் அப்படி நிறுத்திவைத்த சரக்கு, அவளுடைய அண்ணன், அதாவது என் மாமா, வேலை பார்த்த கம்பெனியுடையது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேக் கார்டன்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு மாமா வந்தார். ஒரு கையில் அம்மாவுக்குப் பிடித்த இனிப்புத் தயிர், மிஷ்டி தொய்; இன்னொரு கையில் ஒரு பை தாதுப் பொடி. இரண்டுமே அம்மாவை வழிக்குக் கொண்டுவரத்தான்.

"தொட்டுப் பாரு, கையில ஒட்டுதா? உங்க ஓவன்லதான் ஏதோ கோளாறு. கப்பல் சும்மா நிக்குது. நாளைக்கு லோடு ஏறலைன்னா எனக்கு வேலை போயிரும்மா."

மாமாவைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அம்மா காலிப் பால்பவுடர் டப்பாவில் அந்தப் பொடியைப் பாதிவரை நிரப்பி என்னிடம் நீட்டினாள்.

"தரையில ஓங்கித் தட்டு. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழ்வீட்டு வங்காளி மாமி, மாஷிமா, தூங்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஸ்பூன்கூடக் கீழே விழக் கூடாது. விடுவேனா? சிவப்பு சிமென்ட் தரை அதிரத் தட்டினேன். மாஷிமா கீழிருந்து கழியால் இடித்தார். அம்மா கண்டுகொள்ளவே இல்லை.

உலர்ந்ததுபோல் கிடந்த பொடி முதலில் அமுங்கியது. பிறகு மினுமினுத்தது. அப்புறம் எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் மேலே தண்ணீர் நின்றது. மாமா விரலை வைத்தார். சேற்றில் போவதுபோல் உள்ளே போனது.

"அலை தட்டுறதும் இப்படித்தாண்ணா. சரக்கு மொத்தமும் குழம்பாகி ஒரு பக்கமா ஓடிரும். கப்பல் சாஞ்சா அப்புறம் நிமிராது."

மாமா எங்கள் வீட்டு போனிலிருந்தே முதலாளியைக் கூப்பிட்டு, சரக்கு காயாமல் லோடு ஏற்ற முடியாது என்றார். அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. மாமா குரலை உயர்த்தாமல் அதையே திரும்பவும் சொன்னார். அவருக்கு வேலை போகவில்லை. வெயில் வந்து, சரக்கு காய்ந்த பிறகுதான் கப்பல் கிளம்பியது.

அன்றைக்கு ஜெயித்தது நான்தான். டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். கவுனெல்லாம் செந்தண்ணீர். திட்டு விழவில்லை. கீழே போய் மாஷிமாவிடமும் வங்காள மொழியில் பீற்றிக்கொண்டு வந்தேன்.

நான் மேலே வந்தபோது மாமா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"கப்பல்ல எத்தனை பேருண்ணா?" என்று அம்மா கேட்டாள்.

"சமையல்காரனோட சேத்து இருபத்தோரு பேரு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கப்பலை நிறுத்தியவள் நான் எதிரே நிற்கிறேன், இவள் யாரோ முகம் தெரியாத ஆட்களை விசாரித்துக்கொண்டிருக்கிறாளே என்று.