இரண்டாம் முறை கேட்ட பூ

என் தம்பி விமானப் பட்டாளத்தில் மெக்கானிக். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். எழுபதுகளின் கடைசியில் லீவுக்கு ராசிபுரம் வந்தவன், பறக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றான். ஏரோப்ளேனா, ஹெலிகாப்டரா என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அக்கா சொல்றதுல போறேன்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "பஸ் ஏறுனாலே வாந்தி எடுக்கறவளைப் போயிக் கேக்கறயே மாப்ள!"

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். ஒரு தேர்தல் சமயம் கடலை பிடுங்கிய காட்டில் ஹெலிகாப்டர் வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். புழுதி கிளம்பி ஆடுகள் மிரண்டு ஓடின. ஆனாலும் ஒரு களத்துமேட்டு அளவு இடத்தில் அது மெத்தென்று உட்கார்ந்தது. ஏரோப்ளேன் இறங்க நீளமான ரோடு வேண்டும் என்பார்கள். மழையும் காற்றும் வந்தால் கண்ட இடத்தில் இறங்கக்கூடியதுதானே பிழைக்கும்?

சாமியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மறுநாள் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, அம்மன் முன்னால் பூப் பொட்டலம் போட்டுக் கேட்காமல் எங்கள் பக்கம் எதுவும் நடக்காது. ஹெலிகாப்டருக்கு வெள்ளை அரளி, ஏரோப்ளேனுக்குச் சிவப்பு என்று நினைத்துக்கொண்டேன். தனித்தனி இலையில் மடித்துப் போட்டதும் பூசாரியின் சின்ன மகள் ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

"இன்னொருக்கா எடுக்கச் சொல்லுங்க சாமி."

"ஏனுங்க அம்மணி, சொன்ன சாமியை மறுக்காக் கேக்கலாமுங்களா?"

"கொழந்தை வெளையாட்டா எடுத்துருச்சுங்க."

இரண்டாம் முறை வெள்ளை வந்தது. தம்பியிடம் அதை மட்டும் சொன்னேன். அவன் ஹெலிகாப்டர் என்று எழுதிக் கொடுத்தான்.

மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் தந்தி வந்தது. அவன் போன ஹெலிகாப்டர் வடக்கே மலைப் பக்கம் விழுந்துவிட்டது என்றார்கள். அவன் துணிப் பெட்டியைக் கொண்டுவந்தவர் கூட வேலை பார்த்த வாழப்பாடிக்காரர்.

"பெரிய ப்ளேன்னா மேகத்துக்கு மேல ஏறித் தாண்டிடும்மா. இது மலை இடுக்குல தாழப் போறது. மூட்டத்துல முன்னால மலை இருக்கறது தெரியல."

"கண்ட எடத்துல எறங்கிக்கலாமேங்க." அன்றைக்கு எனக்கு வாய் வந்தது.

"எறங்கற எடம் கண்ணுக்குத் தெரியணுமேம்மா."

பேத்திக்கு வரன் வந்தபோதும் பூக் கேட்டார்கள். இலையை மடித்து நூல் சுற்றுவது என் கைக்குத்தான் நன்றாக வரும் என்று என்னையே கட்டச் சொன்னார்கள். கட்டிக் கொடுத்தேன். குழந்தை கையை நீட்டியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அந்தச் சிவப்புப் பூவைப் பற்றி வீட்டுக்காரர் சாகும்வரை அவரிடமும் சொல்லவில்லை. பூசாரியும் போய்விட்டார்; எடுத்த குழந்தைக்கு அது நினைவிருக்காது. இனி அது தெரிந்தவர்கள் நானும் அம்மனும்தான். அவளிடம் அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்டதில்லை.