கண்ணாடி அறையில் பாதி பிஸ்கட்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஒரு வரியைத் தொடங்கினால் முடிக்கத் தெரியாது. முடித்துவிட்டால் எங்கே தொடங்கினேன் என்பது மறந்துபோகும். பொறுத்துப் படியுங்கள். எங்கள் சபையின் கண்ணாடி அறையில் நடந்ததைச் சபைப் பெரியவர்கள் சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

பெருந்தொற்று முடிந்து ஆலயம் திறந்தபோது, வீட்டுக்குள்ளேயே கிடந்த பிள்ளைகளுக்கு ஆராதனையில் சும்மா உட்காருவது மறந்துபோயிருந்தது. பிரசங்கத்தின் நடுவே ஓடினார்கள், பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்தார்கள். கமிட்டியார் கூடிப் பேசி, பின்மூலையில் கண்ணாடி வைத்து ஓர் அறை கட்டினார்கள். பிள்ளைகளைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்க வேண்டியதில்லை. உள்ளே யார் இருப்பது என்று வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசி யாரும் கேட்டதில்லை. ஆகவே எனக்குப் பொறுமை அதிகம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பிரசங்கம் கேட்க உள்ளே ஓர் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். மூன்றாவது வாரமே பிள்ளைகள் அதன் திருகைக் கண்டுபிடித்துச் சத்தத்தை அடைத்துவிட்டார்கள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

எங்கள் சபையில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்பார்கள். விசுவாசியின் பிள்ளை கர்த்தருடைய உடன்படிக்கைக்குள்ளேயே பிறக்கிறது, வளர்ந்து புத்தி வரட்டும் என்று அதை வாசலில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று போதகர் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆனால் திருவிருந்து மட்டும் பதினான்கு பதினைந்து வயதில் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கை செய்து திடப்படுத்தல் பெற்ற பிறகுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் அப்பம் வாங்கும்போது, இந்தப் பக்கம் இவர்கள் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு பார்ப்பார்கள். மூக்கு அச்சுகளைத் துடைப்பதும் என் வேலைதான்.

பார்த்துப் பார்த்து அதையே விளையாட ஆரம்பித்தார்கள். போதகரின் ஏழு வயது மகள்தான் அங்கே போதகர். தோளில் ஒரு பூத்துவாலை. வட்ட பிஸ்கட்தான் அப்பம், சீராப் என்கிற சிவப்புச் சர்பத்துதான் திராட்சரசம். ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, கண்ணை மூடச் சொல்லி, யார் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள் என்று அப்பாவைவிடக் கண்டிப்பாகக் கவனிப்பாள். சபையார் குறைவு என்பதால் என்னையும் வரிசையில் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு புதிதாக ஐந்து வயதுப் பெண் ஒன்று வந்தது. அம்மா எங்கள் சபையில் வளர்ந்தவள். அப்பா இந்து, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கடல் பாலம் தாண்டி எங்கள் தீவுக்கு இவர்களைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆலயத்துக்குப் பக்கத்து லிட்டில் இந்தியாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் காத்திருப்பார். அந்தப் பெண்ணும் வரிசையில் கை நீட்டியது.

"உனக்கு ஞானஸ்நானம் ஆச்சா?" என்றாள் குட்டிப் போதகர்.

"அப்படின்னா?"

"தலையில தண்ணி ஊத்துறது."

"நேத்து ஊத்துனாங்களே. ஷாம்பூகூடப் போட்டாங்க."

"வீட்டுல ஊத்துனா கணக்கு இல்ல. உனக்கு பிஸ்கட் கிடையாது. ஓரமா உக்காரு."

பெண் அழவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்களுக்கு ஊற்றினார்களா என்று கேட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது ஊற்றினார்களாம், எனக்கு ஞாபகமில்லை என்றேன்.

"அப்ப எனக்கும் ஊத்தியிருப்பாங்க, பாட்டி. நானும் மறந்திருப்பேன்."

என் பிஸ்கட்டை உடைத்துப் பாதியைக் கொடுத்தேன். குட்டிப் போதகருக்குக் கோபம் வந்துவிட்டது. இது பெரிய தப்பு, அப்பாவிடம் சொல்வேன் என்றாள். சொல்லியும்விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் என்னிடம் வந்தார்.

"என்னம்மா, உள்ள தனியா திருவிருந்து நடக்குதாமே?"

"நான் மண்டி போடல, பாஸ்டர். முட்டி வலி."

சிரித்தார். பாதி பிஸ்கட் கதையை முழுதாகக் கேட்டதும் சிரிப்பு நின்றது. தாய் தகப்பனில் ஒருவர் விசுவாசியானாலே அந்தப் பிள்ளை பரிசுத்தமானது, அது உள்ளே இருக்கிற பிள்ளை என்றார். பிறகு, "உள்ள இருக்கிற பிள்ளைய என் மக வெளிய நிறுத்திட்டா. யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டான்னுதான் தெரியல" என்றார். தெரியும், இருவருக்குமே தெரியும்.

ஏன் இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை என்று விசாரித்தால், பெண்ணின் அம்மா, கணவர் மனம் நோகும் என்று அவரிடம் கேட்கவே இல்லை. போதகர் தாமாகப் போனால் மதம் மாற்ற வந்தார் என்று ஆகிவிடும் என்று போகவில்லை. இப்படி யாரும் யாரையும் நோகடிக்காமல் ஐந்து வருடம் ஓடியிருந்தது.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் கண்ணாடி அறைக்குள் வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டது. பிஸ்கட் வேண்டாம், அப்பாவோடு தே குடிக்கிறேன் என்றது. அதன் அம்மா அன்று வேதபாடம் வாசிக்க வேண்டியிருந்ததால், கொண்டுபோய் விடும்படி என்னைக் கேட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். அப்பா எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"எனக்குத் தண்ணி ஊத்தலையாம்பா. அதனால அங்க எனக்கு இடமில்லையாம்."

அவர் என்னைப் பார்த்தார். இதைவிட்டால் இந்தப் பிள்ளை இனி உள்ளே வராது என்று எனக்குத் தோன்றியது. என் வாழ்நாளில் அந்நிய ஆண்பிள்ளையிடம் நானாகப் பேசியது அன்றுதான்.

"ஊத்தலாமா, தம்பி?"

"யாரும் என்கிட்ட கேக்கவே இல்லையே, பாட்டி. என்னாலதான் இவளுக்கு அங்க இடமில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்."

எனக்குத் தே வாங்கிக் கொடுத்தார். பிள்ளை வளர்ந்து தானே கேட்ட பிறகுதான் ஞானஸ்நானம் என்று சில சபைகளில் சொல்கிறார்கள், உங்களுக்கு அப்படி ஏதும் எண்ணம் உண்டா என்று மெல்லக் கேட்டேன்.

"தண்ணிமலைக் கோயில்ல மொட்டை போட்டப்ப இவளைக் கேட்டா போட்டோம்? நம்ம பிள்ளை, நம்மகூட சேர்த்துக்கிட்டோம். பெருசாகி வேணாம்னா அவளே சொல்லட்டும் லா."

போதகர் பல வருடம் சொல்லி எனக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. மீதி அந்தக் கடையில் விளங்கியது. சம்மதம் கிடைத்ததைப் போதகரிடம் சொன்னேன். மொட்டை விஷயத்தைச் சொல்லவில்லை. இப்போது படித்துக்கொள்ளட்டும்.

ஞானஸ்நானத்தன்று அப்பா முதல் தடவையாக உள்ளே வந்தார். முன்வரிசையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். பெண் ஷாம்பூவுக்கு மூடுவதுபோலக் கண்ணை இறுக மூடிக்கொண்டது. தண்ணீர் விழுந்ததும் குட்டிப் போதகர் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்து, தன் பூத்துவாலையாலேயே அதன் தலையைத் துவட்டிவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

மறுவாரம் முழு பிஸ்கட் கிடைத்தது. அந்தப் பெண் அதை உடைத்து, அன்றைக்கு நீங்கள் கொடுத்தது என்று பாதியை எனக்கே திருப்பித் தந்தது. பிறகு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, தண்ணீர்தான் ஊற்றியாயிற்றே, அந்தப் பக்கத்துப் பிஸ்கட் ஏன் இன்னும் தரவில்லை என்று கேட்டது. நானும் அதைப் போதகரிடம் கேட்டேன். அது பெரிய விவாதம் அம்மா என்று சொல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெண் என்னையும் விடவில்லை. உங்களுக்கு ஊற்றினார்கள் என்று யார் சொன்னது என்றது. எங்கள் அம்மா சொன்னார். வேறு சாட்சி இல்லை. ஞானஸ்நானச் சீட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஆகவே பழைய பதிவேட்டைத் திறக்கக்கூடியவர்கள் யாராவது என் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே பாதி பிஸ்கட் கொடுத்தது அந்தப் பெண்ணின் ஞானஸ்நானத்துக்கு முந்திய மாதமா அதே மாதமா என்பதும் எனக்கு நினைவில்லை, சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் இல்லாவிட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள். தின்ற பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. தலையை வேண்டுமானால் தண்ணீருக்கு நீட்டுகிறேன்.