பாதிக் கடுதாசி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம். ஆற்றுகால் பகவதிக்குப் பொங்காலை இட, அடுப்புக் கூட்டுவதற்காக ரோட்டோரமெல்லாம் செங்கல் கொண்டுவந்து இறக்கத் தொடங்கியிருந்த நேரம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கும், அடுத்த தெருவில் இருக்கிற பேங்குக்கும் நடுவிலே நடந்த காரியம் இது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ஒரே மகள். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவள், அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டாள். அப்போதே போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாட்டுக்காரர் ஒருவரையே கல்யாணமும் செய்துகொண்டாள். கல்யாணம் முடிந்த வருஷம் மார்கழியில் இரண்டு பேருமாக வந்தார்கள். மொத்தம் ஆறு நாள். அதில் நாலு நாள் கோவளத்தில் ஹோட்டலில் தங்கினார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் கீழே கயிறு, சாக்கு விற்கிற கடை. வாடகைக்கு விட்டிருக்கிறேன். மாடியில் நான். குளிக்கவும் மற்றதற்கும் படியிறங்கிப் பின்பக்கம்தான் போகவேண்டும். மாப்பிள்ளை நல்ல உயரம். முதல் நாளே அந்தப் பின்பக்கத்துக் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். அதைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். மகள்தான், "அவருக்குக் குத்தவச்சு இருக்க வராதும்மா, முட்டு மடங்காது" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர்கள் டாக்ஸி ஏறிப் போன பிறகு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு மனசில் ஒன்று நினைத்துக்கொண்டேன். மாடியிலேயே அவர்களுக்கு ஒரு குளிமுறி கட்டவேண்டும். நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ், வெந்நீர், எல்லாம் வைத்து. அடுத்த தடவை வந்தால் ஆறு நாளும் என் வீட்டில் இருக்கட்டும். அதற்குப் பணமும் இருந்தது. ஆனால் அப்படி ஒரு பணம் இருப்பது மகளுக்குத் தெரியாது.

அவள் படிக்கப் போகிற சமயம் என் வீட்டுக்காரர் அவள் பெயரையும் என் பெயரையும் சேர்த்து ஒரு கணக்குத் தொடங்கினார். முதல் பெயர் அவளுடையது. அவர் காலமான பிறகு கடை வாடகை அதில்தான் வந்தது. முதலில் எல்லாம் "வாடகை வந்துட்டு மக்கா" என்று சொல்லுவேன். "எனக்கு எதுக்கும்மா, நீ நல்லா செலவு பண்ணு" என்பாள். எனக்கு என்ன செலவு இருக்கிறது? அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டேன். கொஞ்சம் சேரும்போதெல்லாம் பேங்கில் டெபாசிட் போடுவேன். யார் பெயரில் என்று கேட்டால், "கணக்குல இருக்கிற மாதிரியே, மக பேரு முதல்ல" என்பேன். எட்டு வருஷத்தில் ஏழு ரசீது சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் போனில் கூப்பிடுவது வழக்கம். அந்த மாசி மாதம் ஒரு ஞாயிறு அவள் கேட்டாள்:

"அம்மா, அப்பா தொடங்கின அந்தப் பழைய பாஸ்புக் இருக்கா? அதுல ஒரு அஞ்சாயிரம் கிடக்குமா?"

எதற்கு என்று கேட்டேன். அவள் விளக்கிச் சொன்னாள். இத்தனை வருஷமும் அவள் தனியாக வரிக்கணக்குக் கொடுத்தாள். அங்கே இருக்கிற சம்பளத்தை மட்டும் எழுதுவாள். இப்போது கல்யாணம் ஆனதால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒன்றாகக் கணக்குக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு வழக்கமாகப் பார்க்கிற ஆடிட்டரம்மா ஒருத்தி, வேறு நாட்டில் கணக்கு உண்டா, வட்டி வருகிறதா என்று குடைந்து கேட்டாளாம். உலகத்தில் எந்த மூலையில் ஒரு காசு வட்டி வந்தாலும் அங்கே எழுதவேண்டுமாம்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்மா. நான் தப்பா எழுதினா அவரும்தான் மாட்டுவார். பாஸ்புக்கை போட்டோ எடுத்து அனுப்பு. பேங்குல ஒரு லெட்டரும் வாங்கிரு. ஜனவரியில இருந்து டிசம்பர் வரை எவ்வளவு வட்டின்னு. நம்மூர் மாதிரி ஏப்ரல் கணக்கு இல்ல, ஓர்மை வச்சுக்கோ."

ஏழு ரசீதையும் பார்த்தால் அவள் என்ன சொல்லுவாள்? உடனே நிறுத்து என்பாள். வேறு எதிலாவது போடு என்பாள். என் குளிமுறி போய்விடும். அது போனால் அவர்கள் வந்து தங்குவதும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதில் நாலாயிரத்துச் சொச்சம்தான் கிடந்தது. ரசீதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"இவ்வளவுதானா? நல்லதாப் போச்சு" என்றாள். அவள் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேங்குக்குப் போனேன். எனக்கு அங்கே வாய் திறக்கவே கூச்சம். யாராவது பார்த்துக் கேட்கிறவரை தூண் பக்கத்தில் நிற்கிறவள் நான். அன்றைக்குக் கவுண்டரில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். புதிதாக மாற்றலாகி வந்தவள். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள். அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா எந்தா தூண் பிடிச்சு நிற்கணது? அது வீழாது. இவிடே வந்து இரிக்கு."

விஷயத்தைச் சொன்னேன். ஜனவரி முதல் டிசம்பர் வரை என்றதும், "அது சரி, அமெரிக்கயில் இருந்நு கேக்கணது, அல்லே?" என்று சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டினாள். தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இதில் ஏழு டெபாசிட் உண்டு. எல்லாம் மோள்டெ பேர் முதல்ல. பதினொரு லட்சத்துக்கு மேல வரும். எனக்கும் இதுபோல ஒரு அம்மா கிட்டியிருந்தா, நான் இந்தக் கவுண்டர்ல இரிப்பேனோ?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, என் வாழ்க்கையில் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"மோளே, அந்த ஏழையும் விட்டுட்டு, பாஸ்புக்கு வட்டி மட்டும் எழுதித் தர முடியுமா?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தினா அம்மா? எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். பெற்ற மகளிடம் சொல்லாததை எல்லாம் அவளிடம் சொன்னேன். கோவளம் ஹோட்டல், மாப்பிள்ளை இடித்துக்கொண்டது, குளிமுறி, எல்லாம். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

அவள் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "பாதிக் கடுதாசி தர எனக்கு ஒக்காது அம்மா. தந்தால் கையொப்பு போடணது அம்மா அல்ல. அம்மாடெ மோள்தான். அவ அவிடே அறியாதெ ஒரு கள்ளம் எழுதிப் போகும். பின்னெ யாராச்சும் கேட்டா பதில் பறயணதும் அவதான்."

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். வெளிநாட்டில் போய்க் குடியிருக்கிறவர்கள் பெயருள்ள கணக்கை அப்போதே வேறு வகைக்கு மாற்றியிருக்க வேண்டுமாம். நாங்கள் யாரும் சொல்லாததால் அது அப்படியே கிடந்திருக்கிறது. அதையும் சரியாக்கவேண்டும், நான் கூட இருந்து செய்துதருகிறேன் என்றாள். முழுக் கடுதாசியையும் அச்சடித்து, சீல் வைத்து, கவரில் போட்டுக் கையில் தந்தாள். வாசல் படிவரை கூடவே வந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நானே மகளுக்குப் போன் செய்தேன். அங்கே அப்போது சாயங்காலம். நானாக அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எடுத்ததுமே, "அம்மா, என்ன ஆச்சு? கீழ விழுந்துட்டியா?" என்று பதறினாள்.

"விழல மக்கா" என்றேன். பிறகு சொன்னேன். ஏழு ரசீதையும் சொன்னேன். தொகையைச் சொன்னேன். வேண்டுமென்றேதான் பாதிப் போட்டோ அனுப்பினேன் என்பதையும் சொன்னேன்.

அவள் குரல் உயர்ந்தது.

"நாளைக்கு நாங்க கையெழுத்துப் போட இருந்தோம்மா. அவரையும் சேர்த்துப் பொய் சொல்ல வெச்சிருப்பே நீ. இனி போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம், எல்லாத்தையும் திருத்தணும். எதுக்கும்மா இப்படிச் செஞ்சே?"

"மாடியில ஒரு குளிமுறி கட்டத்தான். நீங்க வந்தா ஹோட்டலுக்குப் போகவேண்டாமேன்னு."

"பதினொரு லட்சத்துக்குக் குளிமுறியா? என்ன, ராஜா கொட்டாரம் கட்டப் போறியா?"

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் ஞாயிறு. அவள் கூப்பிடவில்லை. போனை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். கீழே கடையில் யாருக்கோ போன் அடித்தால்கூட என்னுடையதோ என்று எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அவள் தவறவிட்ட ஒரே ஞாயிறு அது. பணத்தை ஒளித்து வைத்து அவளை வீட்டில் தங்கவைக்கப் பார்த்தேன். இருக்கிற ஒரு போனும் போய்விட்டது என்று நினைத்தேன்.

புதன்கிழமை கூப்பிட்டாள். ஆடிட்டரம்மா பார்த்துவிட்டாளாம். பழைய வருஷங்களைத் திருத்த வழி இருக்கிறதாம். தெரியாமல் விட்டதுதான் என்று எழுதிக் கொடுத்து, வரவேண்டிய வரியைக் கட்டினால் போதுமாம். மாப்பிள்ளை போனை வாங்கி, அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தையில் இரண்டைச் சொன்னார்: "அத்தை, பரவாயில்லை." அந்த 'ழ'வும் 'ற'வும் வராத வாயில் அதைக் கேட்டபோது நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். நல்லவேளை, போனில் அது அவருக்குத் தெரியாது.

பிறகு மகள் அங்கே கொடுக்கவேண்டிய ஒரு ஃபாரத்தைப் படித்துக் கேட்டாள். கணக்கில் கூட இருக்கிற ஆளின் பெயரும் விலாசமும் அதில் எழுதவேண்டுமாம்.

"உன் பேரு பாஸ்போர்ட்டுல எப்படி இருக்கும்மா?"

"எனக்கு ஏது மக்கா பாஸ்போர்ட்?"

"ஆமால்ல. சரி, ஆதார்ல இருக்கிற மாதிரி சொல்லு."

சொன்னேன். வீட்டு நம்பரையும் தெருவையும் அவளே சொல்லிக்கொண்டு எழுதினாள். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "பின்கோடு மறந்துபோச்சும்மா" என்றாள். அதையும் சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக, அவள் எழுதி முடிக்கிறவரை காத்திருந்து சொன்னேன். அவசரப்பட மனசு வரவில்லை.

எல்லாம் எழுதின பிறகு அவள் சொன்னாள்: "இனி வருஷா வருஷம் இந்தப் பாடு வேண்டாம்மா. அது உன் வாடகைப் பணம்தானே. என் பேரை எடுத்துட்டு உன் பேருக்கு மாத்திரு. ஆடிட்டரம்மாவும் அதுதான் நல்லதுன்னு சொல்றா. குளிமுறியை உனக்காகக் கட்டு. இந்த வயசுல நீ எத்தனை தடவை படி இறங்குறே, அதை நினைச்சியா?"

சரி என்றேன்.

"இன்னொண்ணும்மா. எங்களை வரச் சொல்லணும்னா வான்னு சொல்லு. பேங்குல போட்டு வெச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கையெழுத்துப் போட்ட கடுதாசிகள் கூரியரில் வந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். அந்தப் பெண்தான் எல்லாம் பூர்த்தி செய்து தந்தாள். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினாள். புதுப் பாஸ்புக்கில் என் பெயர் மட்டும் இருந்தது. எத்தனையோ வருஷம் அவள் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. பழைய புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அவள் உள்ளறையில் இருக்கிற மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. புதுசில் அது இல்லை. வீட்டுக்கு வந்து அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் கூப்பிட்டபோது, அவள் சொன்ன மாதிரி சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நாக்கு எழும்பவில்லை. மழை உண்டா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதற்கும் அடுத்த ஞாயிறுதான் அது வாயில் வந்தது: "உன்னைக் காணணும் போல இருக்கு மக்கா. வா." "வரேம்மா" என்றாள்.

இன்னும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. நானும் விடுவதில்லை, வாராவாரம் கேட்கிறேன். ஆசையை ரசீதாக மடித்து எட்டு வருஷம் ஒளித்து வைத்திருந்தவளுக்கு, அதை வாயால் சொல்வது இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் அவளைத் தேடுகிறேன் என்பது இப்போது அவளுக்கு முழுதாகத் தெரியும்.