கீழ்த்தோட்டத்துக்கு ஒரு பக்கம்

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. எட்டுத் தோட்டங்கள், தோட்டத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் திகதி, கிழமை, நேரம், பிழை என்று நான்கு கட்டங்கள். தோட்ட அலுவலகங்களில் செக்ரோல் எனப்படும் பெயர்ப் பதிவேட்டை இப்படித்தான் எழுதுவார்கள். ஆளுக்கு ஒரு வரி, அந்த வரியில் அவருடைய மாதம் முழுவதும். ஒருவருடைய வரியைப் படிக்க அடுத்தவருடைய வரியைப் பார்க்க வேண்டியதில்லை. என் தகப்பனார் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை செக்ரோல் எழுதியவர். கணினிப் பிழைகளைக் குறித்துவைக்க வேறு முறை இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இது இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்களின் பின் நடந்தது. சரியான திகதிகள் கொப்பியில் இருக்கின்றன. இங்கே கிழமைகள் போதும்.

ஹட்டனில் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் நான் கணினி வேலை பார்த்தேன். அன்றன்று பறித்த கொழுந்தின் நிறையை எட்டுத் தோட்டங்களும் மாலை ஐந்து மணிக்குப் பிறகு எங்களுக்கு அனுப்ப வேண்டும். முன்பு தொலைபேசியில் சொல்வார்கள். சொன்ன நிறைக்கும் எழுதிய நிறைக்கும் இரண்டொரு முறை பொருத்தம் இல்லாமல் போனது. அதனால், இடையில் யாரும் கைவைக்க முடியாதபடி மறைகுறியாக்கிய இணைப்பில் அனுப்பும்படி மேலிடம் உத்தரவிட்டது. அதற்கான புரோகிராமை C மொழியில் நான் எழுதினேன். தோட்டத்துக்கு ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு பிளாப்பி. பிளாப்பியில் அந்தத் தோட்டத்தின் சான்றிதழ் இருக்கும்; அது கணினியின் அடையாள அட்டை. ஹட்டனில் இருந்த எங்கள் சேர்வரும் தன் சான்றிதழைக் காட்டும். இரு தரப்பும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்ட பிறகே பட்டியல் வரத் தொடங்கும்.

நல்லதண்ணிக்குப் போகும் வீதியில் ஆற்றோரமாக ஒரு தோட்டம், அதற்கு மேலே மலையில் இன்னொரு தோட்டம். கீழ்த்தோட்டம், மேல்தோட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன். யாத்திரைக் காலம் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை 5.21க்கு, கீழ்த்தோட்டத்தின் பக்கத்தில் முதல் முறையாக ‘சான்றிதழ் செல்லாது’ என்று எழுதினேன்.

அந்தப் பிழை எனக்குப் பிடிக்கவில்லை. சான்றிதழ் செல்லாது என்றால் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். இதுவோ உள்ளே வந்து, பாதிப் பட்டியலைக் கொடுத்த பிறகு வெளியே தள்ளப்பட்டிருந்தது. இடையில் யாரோ பிளாப்பியை மாற்றி மறுபடி தொடர்பு எடுத்திருக்க வேண்டும், அல்லது அதன் பிரதி வேறொரு கணினியில் இருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் கொழுந்து நிறையில் கைவைக்க விரும்பும் ஒருவருடைய வேலைதான் என்று நினைத்தேன். பக்கத்தில் வரிகள் சேர்ந்தன. ஐந்து வாரத்தில் ஒன்பது.

கீழ்த்தோட்டத்துக் கணினியில் வேலை செய்தவர் ஓர் இளம்பெண். அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். உயர்தரம் படித்து, ஹட்டனில் கணினி பழகியவர். லயத்திலிருந்து போய் அந்த அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். அவர் லீவு எடுத்த நாட்களில் பெரிய கிளாக்கர் பட்டியலை அனுப்புவார். அந்த நாட்களில் ஒரு பிழையும் வரவில்லை. பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர்; தொலைபேசியிலும் மெதுவாகத்தான் பேசுவார்.

“தம்பி, நான் ஒருத்தரிலயும் பழி போடேல்லை. ஆனா நான் அனுப்பேக்க ஒரு நாளும் பிழை வரேல்லை. அதை மட்டும் எழுதும்.”

எழுதினேன். அடுத்த வாரம் மோடம் பார்க்கிற சாட்டில் அங்கே போனேன். வேலை முடிந்ததும் அந்தப் பெண் பிளாப்பியை ஒரு சின்ன பிஸ்கட் டின்னில் வைத்து, டின்னைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனதைக் கண்டேன். நான் கேட்கவில்லை. கேட்டால் எச்சரிக்கையாகிவிடுவார் என்று நினைத்து, நேரத்தை மட்டும் கொப்பியில் குறித்தேன்.

பிராந்திய அதிகாரிக்கு நான் கொடுத்த அறிக்கை ஒன்றரைப் பக்கம். ‘சந்தேகத்துக்கு இடமுண்டு’ என்பது கடைசி வாக்கியம். மறுவாரம் அந்தப் பெண்ணைக் கொழுந்து மடுவத்துக்கு, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகைக்கு, நிறுவை வேலைக்கு அனுப்பினார்கள். பெரிய கிளாக்கர் அனுப்பத் தொடங்கினார். மூன்று வாரம் கீழ்த்தோட்டத்தின் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு அதிகாரி கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் போகிறது, அதற்கு முன் ஒரு வாக்குமூலம் வேண்டும் என்றார். புதன்கிழமை காலை யாத்திரிகர் கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

அந்தப் பெண் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். கொழுந்துச் சாக்குகளின் ஈரம் சட்டைக் கையில் ஏறியிருந்தது. நான் தாளை எடுத்ததும், “கேள்விய அப்புறம் கேளுங்க சார். மொதல்ல ஒங்க கொப்பிய காட்டுங்க” என்றார்.

கீழ்த்தோட்டத்தின் பக்கத்தைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியையும் உதடு அசைய வாசித்தார்.

“நான் இல்லாத நாள்ல ஒண்ணுமில்லைன்னு கோடு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“அன்னைக்கு பெரிய ஐயா என்னத்த அனுப்புனாருன்னு பாத்தீங்களா?”

“பட்டியல்.”

“மொத்தத்த அனுப்புவாரு. ரெண்டு வரி. நான் இருநூறு பேருக்கு மேல ஆளாளுக்கு நெறை அனுப்புறேன். அந்த லைன்ல அது போய்ச் சேர கால் மணி நேரமாகும். ஆளாளுக்கு அனுப்பணும்னுதானே சுத்தறிக்கையில போட்டிருக்கீங்க, நீங்கதானே கையெழுத்து.”

கையெழுத்து என்னுடையதுதான். பிளாப்பியை ஏன் வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று கேட்டேன்.

“ஆபீஸ் அலமாரிய தொறந்து பாருங்க. அங்க வச்சா ரெண்டே வாரத்துல பூஞ்சணம் புடிச்சுரும். வீட்டுல அடுப்புக்கு மேல பலகையில வச்சா காஞ்சு கெடக்கும்.” பிறகு, “மொத பிளாப்பி அப்படித்தான் போச்சு. அதுக்கும் ஒரு வரி எழுதியிருப்பீங்களே” என்றார்.

எழுதியிருந்தேன். பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. தயாரித்து வைத்த பதிலும் அப்படித்தான் இருக்கும் என்றும் நினைத்தேன்.

என் முன்னால் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் அனுப்பிக் காட்டுகிறேன் என்றார். அன்று மாலை அனுப்பினார். பதினேழு நிமிடம். ஒரு பிழையும் இல்லை. பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாத்தீரோ தம்பி? ஆள் பக்கத்தில இருந்தா மிசின் ஒழுங்கா நடக்குது.”

அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “நாளைக்கும் இருங்க சார்” என்றார். “வெள்ளிக்கெழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்குல்ல.”

அன்றிரவு தோட்ட விருந்தினர் அறையில் தங்கினேன். வியாழக்கிழமை மத்தியானம் இடியோடு மழை பிடித்தது. மூன்று மணிக்கு மின்சாரம் போய், நாலரைக்குத்தான் வந்தது. 5.14க்கு அவர் அனுப்பத் தொடங்கினார். பட்டியல் புறப்பட்டதும் விசைப்பலகையைத் தள்ளிவைத்தார். பிளாப்பியை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். சான்றிதழ் ஏற்கப்பட்ட பிறகு அது தேவையில்லை. பிறகு இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்தார்.

“கை இங்க இருக்கு. பிளாப்பி ஒங்ககிட்ட. எழுதிக்கங்க.”

எழுதினேன். 5.26க்கு இணைப்பு அறுந்தது. திரையில் ‘சான்றிதழ் செல்லாது’.

அவர் கைகளை எடுக்கவில்லை. “இப்ப யாரு சார் மாத்துனது?”

ஹட்டன் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். சேர்வர் எழுதும் பதிவைப் பார்த்து 5.26க்கு என்ன இருக்கிறது என்று சொல்லும்படி அங்கிருந்த எழுதுவினைஞரைக் கேட்டேன். வழக்கமாக, ‘கீழ்த்தோட்டத்துக்கு என்ன இருக்கிறது’ என்றுதான் கேட்பேன். அன்று அவசரத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் அந்த நிமிடத்துக்கு இருந்த எல்லாவற்றையும் வாசித்தார். முதலில் மேல்தோட்டம், தொடர்பு கிடைக்கவில்லை. அடுத்து கீழ்த்தோட்டம், சான்றிதழ் செல்லாது.

நான் திரும்பச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் கொப்பியை இழுத்து, மேல்தோட்டத்தின் பக்கத்தைத் திறந்தார். “நீங்க எங்க பக்கத்த வாசிங்க. நான் இத பாக்குறேன்.”

செவ்வாய், 5.21 என்றேன். இருக்கு என்றார். வெள்ளி, 5.30. இருக்கு. ஒன்பது வரிக்கும் ஒன்பது ‘இருக்கு’. நான்கு தாள் தள்ளி, என் கையெழுத்திலேயே, அத்தனை வாரமும் அவை இருந்திருக்கின்றன. பெரிய கிளாக்கர் எழுந்து போய் மழை விட்டதா என்று பார்த்தார்.

மேல்தோட்டத்துக்குப் பேசினேன். அங்கே இருந்த எழுதுவினைஞர் சாதாரணமாகச் சொன்னார்: “கரண்ட் போய் வந்தா இந்த மிசின்ல வருசம் பின்னாடி போயிருதுங்க. ஒரு தடவ அனுப்பிப் பாப்போம், எடுக்காது. அப்புறம் திகதிய திருத்தி வச்சுட்டு மறுபடி அனுப்புவோம்.”

கணினிக்குள் இருக்கும் சின்ன பற்றரி செத்திருந்தது. பழைய வருடத்துக்குப் போன அந்தக் கணினி எங்கள் சேர்வரின் சான்றிதழைப் பார்க்கிறது. அது செல்லுபடியாகும் நாள் இன்னும் வரவில்லை. எனவே செல்லாது என்று சேர்வருக்குச் சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொள்கிறது. மறுக்கப்பட்ட சான்றிதழ் எங்களுடையது, மறுத்தது மேல்தோட்டம். கீழ்த்தோட்டத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

பின் எப்படி அதன் பெயரில் எழுதப்பட்டது? நான் எழுதிய விதம்தான் காரணம். மறைகுறியாக்கத்துக்கு நான் பயன்படுத்திய நூலகத்தில், அதாவது பிறர் எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பில், பிழை ஒன்று நேர்ந்தால் அது தனியான ஒரு பிழைப் பட்டியலில் போய்ச் சேரும். எந்த இணைப்பில் நேர்ந்தாலும் பட்டியல் ஒன்றுதான். யாராவது வாசித்து அழிக்கும்வரை அங்கேயே கிடக்கும். மேல்தோட்டத்தின் தோல்வியை நான் வாசிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும்படி புரோகிராமை அமைத்திருந்தேன். அந்த நேரத்தில் கீழ்த்தோட்டத்தின் நீண்ட பட்டியல் அந்த மோசமான லைனில் மெதுவாக வந்துகொண்டிருக்கும். அடுத்த துண்டு இன்னும் வரவில்லை என்றால், வாசிக்கும் கட்டளை எதிர்மறை எண் ஒன்றைத் திருப்பித் தரும். கொஞ்சம் பொறு என்பதும் அதே எண், எல்லாம் கெட்டது என்பதும் அதே எண். எது என்று அறிய இன்னொரு கட்டளையைக் கேட்க வேண்டும். அந்தக் கட்டளை முதலில் பிழைப் பட்டியலைத்தான் பார்க்கும். அங்கே மேல்தோட்டத்தின் பிழை கிடக்கிறது. கேட்டது கீழ்த்தோட்டத்தைப் பற்றி; பதில் வந்தது பிழைப் பட்டியலிலிருந்து. இரண்டு வரியில் முடிகிற பெரிய கிளாக்கரின் மொத்தத்துக்கு இந்த இடையூறு நேர வாய்ப்பே இல்லை. ஒழுங்காக முழுவதையும் அனுப்புகிறவர்தான் அகப்படுவார்.

ஒவ்வொரு முறை வாசிக்கும் முன்னும் அந்தப் பிழைப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும் என்று நூலகத்தோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அந்த வாக்கியத்தின் கீழ் பென்சிலால் நானே கோடு போட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதிகாரியின் மேசைக்கு முன் நின்றேன். கடிதம் தட்டச்சாகி, கையெழுத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டு அதைக் கிழித்துப் போட்டார். “திருத்திட்டீங்கதானே? திங்கக்கெழமையிலருந்து அந்தப் புள்ள பழைய வேலைய பாக்கட்டும். இதுக்கு மேல ஒண்ணும் எழுத வேணாம்.”

திருத்தம் இரண்டு வரி. வாசிக்கும் முன் பிழைப் பட்டியலை அழிப்பது ஒன்று. தோல்வி நேர்ந்தால் அதற்கு உரியவர் பெயரில் உடனே எழுதி, பட்டியலைக் காலியாக்குவது மற்றது. திங்கள் மாலை சேர்வர் முன்னால் காத்திருந்தேன். 5.40 வரை கீழ்த்தோட்டத்திலிருந்து இரண்டே வரி. தொலைபேசி எடுத்தேன். பெரிய கிளாக்கர்.

“அவ மடுவத்தில நிக்கிறா. வரமாட்டாவாம். உம்மைத்தான் கேக்கிறா.”

அடுத்த நாள் போனேன். தராசில் சாக்கை ஏற்றிக்கொண்டே பேசினார்.

“மிசின்ல அழிச்சுட்டீங்கன்னு பெரிய ஐயா சொன்னாரு. என் ஃபைல்ல?”

அங்கே என் ஒன்றரைப் பக்கம் அப்படியே இருந்தது. நாளை இன்னொரு அதிகாரி வருவார், வேறு ஏதாவது காணாமல் போகும், ஃபைலைத் திறப்பார்கள். அதை அவர் விளக்கிச் சொல்லவில்லை. ‘என் ஃபைல்ல’ என்று மட்டும் கேட்டார்.

ஃபைலில் போனதை எடுக்க முடியாது, வேண்டுமானால் மேலே இன்னொன்றை வைக்கலாம் என்றார் அதிகாரி. இரண்டாவது அறிக்கையை எழுதினேன். பிழை என்னுடையது என்பதைக் கடைசி வாக்கியத்தில் வைக்காமல் முதல் வாக்கியத்தில் வைத்தேன். ஒரு பிரதியைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார்.

“திகதி போடல.”

போட்டேன். நேரத்தையும் போடச் சொன்னார். போட்டேன். தாளை மடித்து பிஸ்கட் டின்னில் வைத்தார். மறுநாள் மாலை 5.13க்கு முழுப் பட்டியல் வரத் தொடங்கியது, 5.29க்கு முடிந்தது.

அந்த வாரமே கொப்பியை விட்டு, எட்டுத் தோட்டங்களையும் நேர வரிசையில் ஒன்றாக எழுதும் புதிய கொப்பி ஒன்றைத் தொடங்கினேன். அவரும் ஒன்று தொடங்கியிருந்தார் என்பது அடுத்த முறை மோடம் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது. பிளாப்பியைக் கேட்டேன். டின்னைத் திறக்கும் முன் ஒரு கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார். என் பதவி, வந்த நேரம், எதைக் கேட்டேன் என்பது வரை எழுதியிருந்தது. போகும் நேரத்துக்கு இடம் விட்டிருந்தார்.

“கையெழுத்து வைங்க சார்” என்றார். “அப்புறம் தர்றேன்.”