சாம்பியனுக்கு அளவெடுத்த வியாழக்கிழமை

கல்யாணப் பெண்கள் பொய் சொல்வார்கள். கெட்ட பொய் இல்லை. அளவு நாடாவைக் கண்டதும் வாயில் தானாக வந்துவிடும் பொய்.

"அன்ரி, இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. நான் ரெண்டு இஞ்ச் குறைஞ்சிடுவன். சின்னதாத் தையுங்கோ."

லண்டன் எட்மண்டனில் என் வீட்டு முன்னறையில் தையல் இயந்திரத்தைப் போட்டு இருபது வருடமாகிறது. அந்த இரண்டு அங்குலமும் குறைந்த ஒருத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே "ஓம் பிள்ளை" என்று சொல்லி, அவளுக்கு முன்னாலேயே கொப்பியில் சின்ன எண்ணை எழுதிவிட்டு, அவள் போனபின் பெரிதாக வெட்டுவேன். கல்யாணத்தன்று பிளவுஸ் கச்சிதமாக இருக்கும். தான் குறைந்துவிட்டேன் என்று அவள் நினைப்பாள். நான் கெட்டிக்காரி என்று ஊர் நினைக்கும். இப்படித்தான் எனக்குப் பெயர் வந்தது.

எனக்கு யாரும் தையல் படிப்பிக்கவில்லை. ஜெர்மனியில் அகதி விடுதியில் இருந்த காலத்தில், என்னிடமிருந்த ஒரே நல்ல பிளவுஸைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துப் பழகினேன். திரும்பப் பொருத்த மூன்று கிழமை எடுத்தது. தொழிலை இன்னும் விடாமல் இருப்பதற்குத் தையல் மட்டும் காரணமில்லை. கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் பெண்கள் சொல்லும் கதைகளைக் கேட்பதற்காகவே காலையில் எழும்புகிறேன் என்றும் சொல்லலாம். "என்ரை இடுப்பு எனக்கு முன்னமே கதவாலை வந்திடும் அக்கா" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கண்ணாடியை முறைத்துப் பார்த்துவிட்டு, "இதைச் செய்தவன் என்ரை மாமிக்குத் தெரிஞ்சவனாத்தான் இருப்பான்" என்றாள்.

இப்படிப் பேசுகிறவர்களில் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து வரும் ஒரு வாடிக்கைக்காரிக்கு நான் முதல் இடம் கொடுப்பேன். அவர் ஒருநாள் போன் எடுத்தார்.

"அக்கா, மகனுக்குக் கல்யாணம். பெட்டை வெள்ளைக்காரி. கூறைச் சேலைக்குப் பிளவுஸ் தைக்க வேணும். அளவெடுக்க வியாழக்கிழமைதான் ஏலும். வெள்ளி, சனி அவவுக்கு வேலை."

"என்ன வேலை?"

"அடிக்கிற வேலை."

"என்னத்தை அடிக்கிறவ?"

"ஆக்களை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாள் பார்த்து, மண்டபம் எடுத்து ஒரு வருடமாகிவிட்டதாம். சண்டையின் தேதி அதற்குப் பிறகுதான் வந்து விழுந்ததாம். எட்டு வாரமாகப் பெண் பயிற்சி முகாமில் இருந்தாள். சனிக்கிழமை சண்டை, அதற்கு அடுத்த கிழமை ஞாயிறு கல்யாணம்.

வியாழக்கிழமை வருங்கால மாமியாரோடு அவள் என் வாசலில் வந்து நின்றபோது, இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன். பிறகு பொறி தட்டியது. எங்கள் வீதிக் கோடியில், பஸ் தரிப்பிடத்தின் விளம்பரத்தில் மூன்று கிழமையாக நின்றவள் இவள்தான். வாயில் எதையோ கடித்துக்கொண்டு முறைத்தபடி நின்றதால், பல் வைத்தியரின் விளம்பரம் என்று நினைத்திருந்தேன். அது பல் உடையாமல் போடுகிற காப்பாம். தோளில் கிடந்த பளபளப்பு உலக சாம்பியனுக்குக் கொடுக்கும் இடுப்புப் பட்டியாம். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து, கம்பிக் கூண்டுக்குள் நின்று போடும் சண்டையில் அவளுடைய எடைப் பிரிவுக்கு அவள்தான் முதல். எதிர்வீட்டுப் பொடியன்கள் தங்கள் மதிலில் வரிசையாக ஏறி இருந்து என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரையை இழுத்து மூடினேன்.

முதலில் தேத்தண்ணீர் வைத்தேன். அவள் வேண்டாமென்றாள். பால் இல்லாமல் தரட்டுமா என்றேன். வேண்டாம். வெறும் தண்ணீர்? அதுவும் வேண்டாம். இருபது வருடத்தில் என் வீட்டில் தண்ணீரையும் மறுத்த முதல் ஆள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மாமியார் பதறிப்போனார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நாளைக்குத் தராசிலை ஏற வேணுமாம். அது வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணியும் தொண்டையாலை இறங்கக்கூடாதாம்."

பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள்; எங்கள் தமிழ் ஓரளவு விளங்குமாம், பேசத்தான் வராதாம். சண்டைக்கு முதல்நாள் நிறுப்பார்கள். அரை இறாத்தல் கூடினாலும் சாம்பியனுக்குப் பட்டி போய்விடும். அதனால் கடைசி நாட்களில் உடம்பிலிருக்கும் தண்ணீரையெல்லாம் வெளியேற்றுவார்கள். சுடுநீர்த் தொட்டியில் கிடப்பார்கள், வாயில் ஊறும் எச்சிலையும் போத்தலில் துப்புவார்கள். எத்தனை பேரை அடித்து விழுத்தினாலும் முதல் சண்டை தராசோடுதானாம். பெரிய பெரிய சாம்பியன்களே அதில் தோற்றுப்போய் அழுதிருக்கிறார்களாம்.

சொல்லச் சொல்ல அவளுடைய உதடு வெடித்திருந்ததைக் கண்டேன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஒரு காது பொரித்த அப்பளம் போல மடிந்து சுருண்டிருந்தது. மல்யுத்தம் செய்கிறவர்களுக்கு அப்படித்தான் வருமாம். தோடு எங்கே போடுவது என்று மாமியார் எப்போதோ கவலைப்பட்டு முடித்திருந்தார். இப்போது அவருக்கு வேறு கவலை.

"அக்கா, கையைப் பாருங்கோ."

பெண் மேற்சட்டையைக் கழற்றினாள். வலது தோளிலிருந்து முழங்கைக்குச் சற்று மேல் வரைக்கும் எட்டுக் காலையும் விரித்துக்கொண்டு ஒரு பெரிய கணவாய், ஒக்டோபஸ். பச்சை குத்தியது. பிடித்தால் விடாது என்பதால் அதைத் தேர்ந்தாளாம்.

"முழுச் சைவச் சாப்பாடு, மணவறையிலை கணவாய்" என்றார் மாமியார். "முழங்கை வரைக்கும் கை வைச்சுத் தையுங்கோ. ஒரு கால்கூடத் தெரியக்கூடாது."

கூறையோடு வரும் பிளவுஸ் துணி எவ்வளவு என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். முழங்கை வரைக்கும் இரண்டு கை வெட்டினால், உள்ளே மடித்துவிட மிச்சம் ஒன்றும் இராது. ஒட்டத்தான் தைக்க வேண்டும். சரி என்று அளந்தேன். கை பதினொன்றரை, மார்பு முப்பத்து நான்கு.

அப்போது அவள் மெல்லச் சொன்னாள்: "அன்ரி, இது இன்றைய உடம்பு மட்டும்தான். தராசிலிருந்து இறங்கித் தண்ணீர் குடித்தால் ஒரே நாளில் ஆறேழு கிலோ ஏறிவிடுவேன். பெரிதாக வெட்டுங்கள்."

"ஓம் பிள்ளை" என்றேன். சொன்னேனே தவிர, மனதில் எடுக்கவில்லை. ஒரே நாளில் ஆறேழு கிலோவா? கல்யாணப் பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதைத் தள்ளுபடி செய்து கேட்டுப் பழகிய காது என்னுடையது. குறைவேன் என்பவளை நம்பாதவள், கூடுவேன் என்பவளை மட்டும் நம்பிவிடுவேனா? துணியும் இல்லை. அளந்தபடியே வெட்டித் தைத்தேன்.

சனிக்கிழமை அவள் வென்றாள். ஞாயிறு முழுவதும் எதிர்வீட்டுப் பொடியன்கள் ஒருவரையொருவர் கழுத்தில் பிடித்துப் புல்லில் உருண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை போட்டுப் பார்க்க வந்தார்கள். மாமியார் அவளை என் வாசலில் இறக்கிவிட்டுப் பக்கத்துக் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனார். உள்ளே வந்தவள் வியாழக்கிழமை வந்தவளின் அக்கா மாதிரி இருந்தாள். கன்னம் நிறைந்து, தோள் விரிந்து, இடது கண்ணின் கீழ் நாவற்பழ நிறத்தில் ஒரு அடையாளத்தோடு நின்றாள். வந்ததும் தேத்தண்ணீர் கேட்டாள். இரண்டு கோப்பை குடித்தாள்.

பிளவுஸைக் கொடுத்தேன். கை உள்ளே போனது. முழங்கை தாண்டியது. அதற்கு மேல் போகவில்லை. இழுத்தோம். அவள் மூச்சை உள்ளே இழுத்தாள், நான் துணியைப் பிடித்து இழுத்தேன். கடைசியில் வலது கை போக்குவரத்துப் பொலிஸ்காரர் போல மேலே தூக்கியபடி நின்றுவிட்டது. போடவும் ஏலாது, கழற்றவும் ஏலாது.

"நான் சொன்னேனே அன்ரி" என்றாள்.

"சொன்னாய்தான் பிள்ளை. இருபது வருஷத்திலை எனக்கு உண்மை சொன்ன முதல் பொம்பிளை நீ. அதாலைதான் நம்பேல்லை."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"மாமிக்குச் சொல்ல வேண்டாம். ஐந்து நாள் இருக்கிறது. நான் திரும்ப இறங்குவேன். இன்றைக்கு உப்பை நிறுத்தினால், வெள்ளிக்கிழமை தண்ணீரை நிறுத்தலாம். எனக்குத் தெரிந்த வேலைதானே."

"விசரே உனக்கு?"

தூக்கிய கையோடேயே அவள் சொன்னாள். இரண்டு வருடமாக மாமி வீட்டுக்குப் போய் வருகிறாள். மாமி சாப்பாடு போடுவார், குறை சொல்ல மாட்டார், ஆனால் ஒருநாளும் நன்றாயிருக்கிறாய் என்று சொன்னதில்லை. அளவெடுத்துவிட்டுத் திரும்பிப் போகும்போது, காருக்குள் வைத்து முதன்முதலாகச் சொன்னாராம், நீ வடிவாய் இருக்கிறாய் என்று. அந்த வியாழக்கிழமை உடம்பைப் பார்த்து.

"கல்யாணத்தன்றும் அப்படியே இருக்க வேண்டும், அன்ரி."

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "பட்டிக்காகத் தண்ணி குடியாமல் இரு. அது உன்ரை தொழில். நான் தைச்ச சட்டைக்காக ஒருத்தரும் தண்ணி குடியாமல் இருக்க வேண்டாம்" என்றேன். இரண்டு கையையும் பாதியாக வெட்டினால் துணி வரும், அதைப் பக்கத்திலும் கக்கத்திலும் துண்டு வைத்துத் தைத்தால் பிளவுஸ் பொருந்தும் என்று காட்டினேன். ஆனால் கணவாய் வெளியே வரும். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"கூறையின் உள் தலைப்பில் கொஞ்சம் வெட்டினால்?"

"தட்டிலை வைச்சுச் சபையிலை எல்லாருக்கும் காட்டித் தொட்டு ஆசீர்வதிக்கிற கூறை அது. அதிலை கத்தரி வைச்சன் எண்டால் உன்ரை மாமி என்னைக் கூண்டுக்குள்ளை விட்டு அடிப்பா."

சொல்லி வாய் மூடவில்லை, முருங்கைக்காய்க் கட்டோடு மாமியார் உள்ளே வந்தார். மருமகளின் தூக்கிய கையைப் பார்த்தார். பாதியில் நிற்கும் பிளவுஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாமி, நான் மெலிகிறேன்" என்று பெண் அவசரமாகத் தொடங்கினாள். "ஐந்து நாளில்…"

மாமியார் முருங்கைக்காயை என் இயந்திரத்தின் மேல் வைத்தார்.

"அக்கா, சனிக்கிழமை நான் பார்த்தனான். மகன் காட்ட மாட்டன் எண்டவன். நான் குசினிக்குள்ளை நிண்டு போனிலை பார்த்தனான். சோறு அடிப்பிடிச்சதும் தெரியேல்லை. மற்றவள் இவளின்ரை கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு தொங்கிறாள். நான் முருகா முருகா எண்டு நிக்கிறன். இந்தா, இந்தக் கையாலைதான் கழட்டி எறிஞ்சவள். அந்தக் கைக்குப் பதினொண்டரை இஞ்சிலை சட்டை தைச்சு வைச்சிருக்கிறியளே, உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?"

பெரிதாக வெட்டச் சொல்லி அவள் சொன்னதை இந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். பெண்ணின் ஐந்து நாள் திட்டத்தை மட்டும் சொன்னேன். காருக்குள் கேட்ட அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

மாமியார் மருமகளின் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு நீ கருவாடு மாதிரி இருந்தாய்" என்றார். "பாவம் பார்த்துச் சொன்னனான், பிள்ளை. ஏதாவது நல்லதாச் சொல்ல வேணும் எண்டு வாயிலை வந்தது." அதையே திரும்பத் தன் ஆங்கிலத்தில் சொன்னார். கருவாட்டுக்கு ஆங்கிலம் தெரியாமல், கன்னத்தை உள்ளே இழுத்து நடித்துக் காட்டினார். "தண்ணி குடியாமல் வந்து மணவறையிலை மயங்கி விழுந்தால் சனம் என்ன சொல்லும்? மாமி இப்பவே பட்டினி போடத் தொடங்கிட்டாள் எண்டெல்லோ சொல்லும்!"

"அப்ப கணவாய்?" என்றேன்.

"ஊர் உலகமே பார்த்த கையை நான் ஆருக்கு ஒளிக்கிறது? வெட்டுங்கோ." மருமகளின் கையை மெல்லப் பிடித்து, மாட்டியிருந்த துணியிலிருந்து தானே விடுவித்தார். "சமையல்காரருக்கு மட்டும் காட்டாதேங்கோ. பிறகு குழம்பு வைச்சாலும் வைப்பினம்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நான் ஊசியும் நூலுமாக உடுத்தும் அறையிலேயே இருந்தேன். கூறைத் தட்டு சபையைச் சுற்றி வந்து அவள் கைக்குப் போனது. உள்ளே வந்தாள், உடுத்தினோம், கொக்கிகள் எல்லாம் பூட்டுப்பட்டன. மார்பு சரி, கை சரி. கக்கத்தில் நான் வைத்த துண்டைத்தான் நம்ப முடியவில்லை. "கையை உயர்த்தாதே பிள்ளை" என்று சொல்லி அனுப்பினேன்.

தாலி கட்டும்வரை உயர்த்தவில்லை. பிறகு மாலை மாற்றும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் தோழர்கள் நாலு பேர், இப்போது இங்கே எல்லாக் கல்யாணத்திலும் செய்கிற குறும்பை அங்கேயும் செய்தார்கள். அவள் மாலையை எடுக்கவும் மாப்பிள்ளையைத் தோளுக்கு மேலே தூக்கிவிட்டார்கள். அவளுக்கு எட்டவில்லை. சனம் கைதட்டியது. அவள் எம்பினாள். அவர்கள் இன்னும் தூக்கினார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்து அவளுடைய வலது கக்கத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

மாமியார் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய் பிள்ளை?"

அவள் மாலையை இடது கைக்கு மாற்றினாள். வலது கையை முழுதாக நீட்டி, மாப்பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் போட்டுக் கீழே இழுத்தாள். அவசரமில்லாமல், மரக்கிளையை வளைத்துப் பழம் பறிப்பவள் போல. மாப்பிள்ளை இறங்கினார். அவரைப் பிடித்திருந்த நாலு பேரும் அவரோடு சேர்ந்து இறங்கினார்கள். மாலை விழுந்தது.

தையல் பிரியவில்லை.