எண்ணெய்க் கப்பலில் அண்ணன் இழந்த வேலை

அண்ணன் போய் ஒரு வருஷம் நிறைகிறது. வீட்டில் இனி மூத்தவன் நான்தான் என்று, ஊருக்குக் கொடுக்கும் நினைவுநாள் நோட்டீஸை என்னை எழுதச் சொன்னார்கள். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். எங்கே தப்பாக எழுதிவிடுவேனோ என்று மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில். அப்பா கடலோடு போனபின், பன்னிரண்டு வயசிலேயே கட்டுமரம் ஏறி அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் கழித்து, எங்கள் கரைக்கு நேரே ஆழத்தில் ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் நங்கூரம் போட்டது. பாரம் அதிகம். அப்படியே பட்டணத்துத் துறைமுகத்துக்குள் போனால் தரை தட்டும். அதனால் ஒரு சின்னக் கப்பலைப் பக்கத்தில் கட்டி, ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் எண்ணெயை அதற்கு மாற்ற வேண்டும். ஆட்களை மேய்க்கும் சாரங்கு, கயிறு பிடிக்க எங்களில் எட்டுப் பேரை எடுத்தார். குழாய் வாயைப் பூட்டி அங்கேயே நிற்கிற வேலை ஒருவருக்குத்தான். அதில் தேறினால் துறைமுகத்தில் நிரந்தர வேலை. அதற்கு அண்ணனைக் கைகாட்டினார். முடிச்சுப் போடுவதில் நான்தான் கெட்டி, என்னை நிறுத்துங்கள் என்று கேட்டேன். "அவனா? அலையப் பாத்தாலே நடுங்குவான்!" என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஏணி ஏறும்போதே பீடி, தீப்பெட்டி எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அண்ணனும் பீடிக் கட்டைக் கொடுத்தார். ஆனால் அம்மா முடிந்துகொடுத்த கற்பூரமும் தீப்பெட்டியும் மடியிலேயே இருந்தன. கடலில் புதுத் தொழில் தொடங்கினால் கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். சாமிக்கு ஏற்றுவதையும் நெருப்பில் சேர்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

குழாய் பூட்டியாயிற்று. எண்ணெய் நாற்றம் மூக்கை அடைத்தது. அண்ணன் கிழக்கே திரும்பி மடியை அவிழ்த்தார். நான் இரண்டு முழம் தள்ளி நின்றிருந்தேன். "அண்ணாத்த, வேணாம்" என்று மெதுவாகச் சொன்னாலே போதும், திரும்ப முடிந்துகொண்டிருப்பார். நான் கப்பலே அதிரக் கத்தினேன்.

"சாரங்கு! எங்கண்ணன் நெருப்புப் பெட்டி வெச்சிக்கினு கீது!"

சாரங்கு ஓடிவந்தார். "இன்னாய்யா இது! எல்லாரையும் கொளுத்தப் பாத்தியா?"

"சாமிக்குங்க..."

"சாமிகிட்டயே அனுப்பியிருப்ப! எறங்குய்யா கீழ!"

அண்ணனைப் படகில் இறக்கிவிட்டு, அவர் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். பெரிய கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக உயர, சின்னது தாழ, குழாய் இழுபடாமல் சாயங்காலம் வரைக்கும் கயிறு விடச் சொல்லிக்கொண்டே இருந்தேன். துறைமுக வேலையும் எனக்கே கிடைத்தது.

குப்பத்தில் அண்ணன் எல்லாரிடமும் சொன்னார்: "சிரிச்சீங்களே மச்சான்! என் தம்பி பயந்ததாலதான் நாம வூடு வந்து சேந்துகீறோம்." கடைசிவரை அதைப் பெருமையாகவே சொன்னார்.

நான் கத்தியது பயத்தால் இல்லை. அவரை இறக்கிவிடுவார்கள் என்றுதான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவரிடம் சொல்லிவிடலாம் என்று பத்து நாள் நடந்தேன். எப்போது போனாலும் கட்டிலைச் சுற்றி ஆட்கள். என் பிள்ளைகளே அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கென்று ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. அதற்கும் அவர்மேல்தான் எரிச்சல் வந்தது.

தினமும் கஞ்சி கொண்டுவந்த கடைக்கார பாய் வீட்டாருக்கும், கருங்குழியிலிருந்து மழையில் நனைந்து வந்த சம்பந்தி வீட்டாருக்கும், தோள் கொடுத்த குப்பத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று ஊர்வலத்தில் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அழுது தள்ளாடுகிறேன் என்று தாங்கிப் பிடித்தீர்கள். எனக்கு இதில் பாதிப் பேராவது வருவார்களா என்றுதான் பார்த்தேன். இதைப் படித்தபின் இன்னும் குறையும். குறையட்டும். அந்த வேலை அண்ணனுடையது.